டெகரேட்டிவ் பெயிண்டிங் மாநாடு: வகுப்பு எடுப்பவர்களும் கடை போடுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மரத்தட்டு, தகரப் பெட்டி, கண்ணாடிக் குடுவை, பழைய நாற்காலி என்று கைக்குக் கிடைத்த பொருள்மேல் பூவும் கொடியும் பறவையும் தீட்டும் கலைக்கென்றே தனி மாநாடுகள் நடக்கின்றன. அங்கே முதல் முறையாக வகுப்பு எடுக்கவோ ஸ்டால் போடவோ கிளம்புபவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கான பதில்கள் இவை. கொஞ்சம் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

இந்த மாநாட்டில் என்னதான் நடக்கும்? யார் வருவார்கள்?

சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை, ஒரு ஹோட்டலிலோ மாநாட்டு மையத்திலோ நடக்கும். ஒரு பக்கம் காலையிலிருந்து இரவு வரை வகுப்புகள் ஓடும். இன்னொரு பக்கம் பெரிய கூடத்தில் பெயிண்ட், பிரஷ், மரச்சாமான், பேட்டர்ன் பாக்கெட் (ஒரு படைப்பின் கோட்டுப் படமும் தீட்டும் குறிப்பும் சேர்ந்தது) விற்கும் கடைகள். வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் குறைவு. பெரும்பாலானவர்கள் வீட்டில் ஏற்கெனவே தீட்டிக்கொண்டிருப்பவர்கள். எந்த வகுப்பில் சேரலாம் என்று மாதக்கணக்கில் யோசித்து, முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு வருவார்கள்.

இந்தப் பழக்கம் பெரிதாக வேரூன்றியது அமெரிக்காவில். 1972-ல் பிரிசில்லா ஹவுசர் முன்னின்று தொடங்கிய சங்கம்தான் பின்னாளில் சொசைட்டி ஆஃப் டெகரேட்டிவ் பெயின்டர்ஸ் என்று பெயர் பெற்றது. தகரத்தில் தீட்டும் டோல், நார்வேயின் ரோஸ்மாலிங், ஜெர்மன் பேசும் பகுதிகளின் பவுர்ன்மாலரை, நெதர்லாந்தின் ஹிண்டலோப்பன், ரஷ்யாவின் ஜோஸ்தவோ தட்டுகள் என்று ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தமான பாணிகள் எல்லாம் இங்கே ஒரே கூரையின் கீழ் வந்துவிடும். உங்கள் பாணி எதுவானாலும் அதைத் தேடி வரும் நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரை இருபது பேராக ஆக்குவதுதான் வேலை.

என்னிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. வகுப்பு எடுக்க விடுவார்களா?

விடுவார்கள். மேலே சொன்ன சங்கம் சி.டி.ஏ. (சான்று பெற்ற அலங்காரக் கலைஞர்), அதற்கு மேல் எம்.டி.ஏ. (தேர்ந்த அலங்காரக் கலைஞர்) போன்ற நிலைகளில் சான்று கொடுத்தது. அந்த எழுத்துகள் பெயருக்குப் பின்னால் இருந்தால் மதிப்புதான். ஆனால் தேர்வுக் குழு முதலில் பார்ப்பது நீங்கள் அனுப்பும் மாதிரியின் படத்தை. அடுத்தது, இதற்கு முன் எங்காவது, ஒரு சின்னக் குழுவுக்காவது, சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா என்பதை. நன்றாகத் தீட்டுபவர் எல்லாரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது குழுவில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். வீட்டுக் கூடத்தில் ஆறு பேருக்கு ஒரு முறை அந்த வகுப்பை நடத்திப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்னால். சில இடங்களில் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்னால். இந்த ஆண்டு மாநாடு முடிந்த கையோடு அடுத்த ஆண்டுக்கான அழைப்பு வந்துவிடும். ஆகவே மாதிரி, படம், நேரம், கட்டணம், மாணவர் எண்ணிக்கை, என்ன தரத்தினருக்கு என்ற விவரம் எல்லாம் தயாராக இருக்கட்டும். கடைசி வாரத்தில் உட்கார்ந்து தீட்டிய மாதிரி, படத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த மாதிரியான படைப்புக்கு ஆள் சேரும்?

வகுப்புப் பட்டியலில் உங்கள் படைப்பு கட்டைவிரல் நகம் அளவில்தான் தெரியப்போகிறது. அந்த அளவிலும் அது என்னவென்று புரிய வேண்டும். போனில் படம் எடுத்து, சுருக்கி, கையை நீட்டி வைத்துப் பாருங்கள். பறவை பறவையாகத் தெரிந்தால் சரி. பழுப்பும் பச்சையும் குழம்பிய திட்டாகத் தெரிந்தால், அது நேரில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர ஆள் வராது. பின்னணிக்கும் பொருளுக்கும் வெளிச்ச வித்தியாசம் அழுத்தமாக இருக்கும் படைப்புகள் எப்போதும் முதலில் நிரம்பும்.

அப்புறம் பொருள். வீட்டில் மாட்டவோ வைக்கவோ கூடியது, பெட்டியில் போட்டு எடுத்துப்போகக் கூடியது, எளிதில் உடையாதது. வருபவர்களில் பலர் விமானத்தில் வந்திருப்பார்கள். பெரிய மேஜைப் பலகையில் தீட்டும் வகுப்பைப் பார்த்து ஆசைப்படுவார்கள், சேர மாட்டார்கள்.

4 மணி நேர வகுப்பில் எவ்வளவு முடிக்க முடியும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன்.

4 மணி என்பது 240 நிமிடம். எல்லாரும் வந்து உட்கார்ந்து, கிட்டை (நீங்கள் கொடுக்கும் பொருள் தொகுப்பை) பிரித்து, தண்ணீர்க் கிண்ணம் நிரப்ப 15 நிமிடம் போகும். நடுவில் ஒரு இடைவேளை. கடைசியில் மேஜையைத் துடைத்துக் காலி செய்ய 15 நிமிடம், ஏனென்றால் அடுத்த ஆசிரியர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். காய வைக்கும் நேரம், நீங்கள் செய்து காட்டும்போது அவர்கள் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் எல்லாம் போக, பிரஷ் பலகையில் படும் நேரம் இரண்டரை மணியைத் தாண்டாது. என் கணக்கு இது: நீங்கள் பேசாமல் தனியாக உட்கார்ந்து 50 நிமிடத்தில் முடிக்க முடிகிற வேலைதான் 4 மணி நேர வகுப்புக்குச் சரி. மாணவர்களுக்கு மூன்று மடங்கு ஆகும்.

நேரத்தைத் தின்பவை எவை என்று பார்த்து, அவற்றை வகுப்புக்கு வெளியே தள்ளுங்கள். மரத்தைத் தேய்ப்பது, மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் அடிப்பது, பின்னணி நிறம் இரண்டு கோட் கொடுப்பது ஆகியவற்றில் யாரும் புதிதாக எதையும் கற்பதில்லை. நீங்களே அடித்துக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் பலகையை முன்கூட்டியே அனுப்பி அவர்களை அடித்து வரச் சொல்லுங்கள். இரண்டாவது வழியில் சிலர் அடிக்காமல்தான் வருவார்கள், அதற்காக நாலைந்து தயார்ப் பலகைகள் கையில் இருக்க வேண்டும். கோட்டுப் படத்தை டிரான்ஸ்ஃபர் பேப்பர் (கார்பன் தாள் போன்றது) வைத்துப் பலகையில் இறக்குவதும் அப்படித்தான். 24 பேரில் இரண்டு பேராவது அந்தத் தாளைத் தலைகீழாக வைத்து முழுப் படத்தையும் ஸ்டைலஸால் அழுத்தி வரைந்துவிட்டு, தூக்கிப் பார்த்தால் பலகையில் ஒன்றும் இருக்காது. முக்கியக் கோடுகளையாவது நீங்களே இறக்கிக் கொண்டுவந்தால் அரை மணி மிச்சம்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. முடித்த பொருளோடு அறைக்குப் போகும் மாணவர் அதை லிஃப்டில், சாப்பாட்டுக் கூடத்தில், கடைகளுக்கு நடுவே, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுவார். முடிக்காத பொருள் பையின் அடியில் போய்விடும். உங்கள் ஸ்டாலுக்கு ஆள் வருவதும் வராததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

ஹேர் டிரையர் விஷயத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

1500 வாட் ஹேர் டிரையர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; அதைவிட அதிகம் இழுப்பவையும் உண்டு. 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாட்டில் 15 ஆம்ப் சர்க்யூட் தாங்குவது 1800 வாட். இரண்டாவது டிரையரை ஓட்டினால் ஃபியூஸ் போகும். பக்கத்து அறை விளக்கும் சேர்ந்து அணைந்தாலும் ஆச்சரியமில்லை. 230 வோல்ட், 16 ஆம்ப் என்றால் இரண்டு தாங்கும், மூன்றாவது தாங்காது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வரிசையாகச் செருகுவது ஆபத்தும்கூட. அறையின் பின்பக்கம் காய வைக்கும் மேஜை ஒன்று போட்டு, எந்த பிளக் எந்த சர்க்யூட் என்று ஹோட்டல் எலெக்ட்ரீஷியனிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஏசி அறையில் காற்று உலர்ந்திருப்பதால் அக்ரிலிக் தானாகவே சீக்கிரம் காயும். ஃப்ளோட் செய்யும்போது, அதாவது ஈரப் பிரஷ்ஷால் நிறத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மங்க வைக்கும்போது, அதுவே தொல்லையாகிவிடும். பெயிண்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் எக்ஸ்டெண்டர் ஒரு பாட்டில் கைவசம் இருக்கட்டும்.

கிட்டில் என்னென்ன வைக்க வேண்டும்?

பலகை, கோட்டுப் படம், படிப்படியான குறிப்பு, முடித்த படைப்பின் வண்ணப் படம், டிரான்ஸ்ஃபர் பேப்பர். குறிப்பை 12 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் அச்சிடுங்கள். வருபவர்களில் பலருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும், அறை வெளிச்சமும் மந்தமாகத்தான் இருக்கும். பிரஷ்ஷை மாணவர்களே கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் லைனர் மாதிரி நுனி முக்கியமான பிரஷ் தேவைப்பட்டால் விற்பனைக்குச் சில வைத்திருங்கள். நுனி பிளந்த லைனரோடு கொடி இழுக்க முடியாமல் ஒருவர் திணறினால், அவருக்குப் பக்கத்திலேயே பத்து நிமிடம் நின்றுவிடுவீர்கள்.

எடையை இப்போதே கணக்குப் போடுங்கள். 30 செ.மீ. சதுரம், 6 மி.மீ. கனம் உள்ள எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒன்று சுமார் 400 கிராம். 24 பலகைக்குப் பத்து கிலோ ஆகிவிட்டது. பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். இரண்டு வகுப்பு என்றால் துணிமணிக்கு இடமில்லை. லேசான பாஸ்வுட், கேன்வாஸ் ஒட்டிய பலகை, இல்லையென்றால் மரச்சாமான் விற்பவரிடம் சொல்லி நேராக மாநாட்டு முகவரிக்கே அனுப்பச் சொல்வது என்று ஏதாவது ஒரு வழி பாருங்கள். ஸ்ப்ரே வார்னிஷ், டர்பன்டைன் இவற்றை விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பொதுவாகத் தீப்பிடிக்காது. ஆனாலும் அதன் பாதுகாப்புத் தகவல் தாளின் அச்சுப் பிரதி ஒன்று பெட்டியில் இருந்தால் விமான நிலையத்தில் பேச்சு குறையும்.

பெயிண்டை நானே கொடுக்க வேண்டுமா?

கொடுத்தால் நல்லது. 59 மி.லி. பாட்டிலை ஒரு மேஜைக்கு ஒரு செட் என்று வைத்தால் போதும். ஒரு சின்னப் படைப்பில் ஒருவர் ஒரு நிறத்தில் சில சொட்டுகளுக்கு மேல் செலவழிக்க மாட்டார். அவரவரே கொண்டுவரட்டும் என்று விட்டால் ஆளுக்கொரு கம்பெனி நிறம் வரும். ஒரு கம்பெனியின் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு இன்னொரு கம்பெனியில் சிவப்படித்துத் தெரியும், உங்கள் குறிப்பு பொய்யாகும். வேறு கம்பெனி பெயிண்ட் வைத்திருப்பவர்களுக்காக மாற்று நிறப் பட்டியல் ஒன்றைக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். பெயிண்ட் கம்பெனிகள் சில, ஆசிரியர்களுக்கு இலவசமாகவோ சலுகை விலையிலோ அனுப்புவதும் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

கட்டணம் எப்படி முடிவு செய்வது?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மாணவர் ஒருவர் கட்டும் மொத்தம் 100 என்று வையுங்கள். கிட்டுக்கான அசல் செலவு 35. மாநாட்டுக் குழுவின் பங்கு 20. உங்கள் கைக்கு 45. இருபது பேர் சேர்ந்தால் 900. பயணத்துக்கு 500, அறைக்கு 600 போனால் செலவு 1,100. ஒரே வகுப்போடு நின்றால் 200 கைக்காசு. இரண்டாவது வகுப்பும் நிரம்பினால் 700 மிச்சம், ஏனென்றால் பயணமும் அறையும் இரண்டாவது முறை செலவாவதில்லை. அதனால்தான் அனுபவம் உள்ள ஆசிரியர்கள் ஒரே மாநாட்டில் மூன்று நான்கு வகுப்பு வைக்கிறார்கள். தொண்டை கட்டிப்போனாலும் சரி என்று.

இந்தக் கணக்கில் நீங்கள் பலகை அடித்த நாட்களுக்குக் கூலி சேரவில்லை. சேர்த்துப் பாருங்கள். பார்த்தால் சிலருக்குக் கட்டணத்தை உயர்த்தத் தோன்றும், சிலருக்குப் பின்னணியை ஒரே நிறமாக மாற்றத் தோன்றும். நான் இரண்டாவது கட்சி.

போதுமான ஆள் சேராவிட்டால்?

குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்குக் கீழே போனால் வகுப்பை ரத்து செய்யலாம். கிட் பொருட்களை முன்பதிவு முடிந்த பிறகே முழுதாக வாங்குங்கள். வகுப்பு நடக்காவிட்டாலும் அந்தப் பேட்டர்ன் பாக்கெட் ஸ்டாலில் விற்கும்.

ஒரே வகுப்பில் புதியவர்களும் கைதேர்ந்தவர்களும் வந்தால் என்ன செய்வது?

எப்போதும் அப்படித்தான் வருவார்கள். வகுப்பு விவரத்தில் "ஓரளவு தெரிந்தவர்களுக்கு" என்று போட்டாலும் பிரஷ் பிடித்திராத ஒருவர் தோழியோடு சேர்ந்து வந்துவிடுவார்.

எனக்குக் கைகொடுப்பது படிநிலைப் பலகை. ஒரே பூவை வரிசையாக ஐந்து முறை தீட்டிய பலகை: வெறும் அடிநிறம், முதல் நிழல், இரண்டாம் நிழல், ஒளி, கடைசிக் கோடுகள். இதில் இரண்டு பிரதி மேஜைக்கு மேஜை சுற்றட்டும். வேகமானவர்கள் அதைப் பார்த்துத் தானே முன்னே போவார்கள், மெதுவானவர்கள் தாம் எந்தப் படியில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார்கள்.

செய்து காட்டும்போது கேமராவும் திரையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஃப்ளோட் மாதிரி விஷயம் திரையில் புரியாது. தட்டைப் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, டிஷ்யூவில் ஒற்றி, மினுமினுப்பு அடங்கிய நொடியில் எடுக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் பெயிண்டில் தொட்டு, பேலட்டில் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் இழுக்க இழுக்க, நிறம் ஒரு ஓரத்தில் அழுத்தமாகவும் நடுவில் மங்கியும் மறு ஓரத்தில் வெறும் தண்ணீராகவும் மாறும். தண்ணீர் கூடினால் பலகையில் குளம் கட்டும். குறைந்தால் நிறம் கோடு கோடாக இழுபடும். இந்தத் தண்ணீர் அளவைப் பக்கத்தில் நின்று, அவர் பிரஷ்ஷை அவர் விரலில் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் காட்ட முடியும். அதற்காகவே ஆறேழு பேருக்கு ஒரு முறையாகக் கூப்பிட்டு, மேஜையைச் சுற்றி நிற்க வைத்துச் செய்து காட்டுவேன். இடதுகைக்காரர்கள் எதிர்ப்பக்கம் நிற்கட்டும்; கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர்களுக்குச் சரியாக வரும்.

மாணவரின் பலகையில் நீங்கள் கை வைக்குமுன் கேளுங்கள். சிலருக்கு ஆசிரியர் ஒரு இதழைத் தொட்டுக்கொடுத்தால் சந்தோஷம். சிலருக்கு அது முழுக்கத் தன் கையாலேயே ஆனதாக இருக்க வேண்டும். கேட்டால் தெரிந்துவிடும். கேட்க மனமில்லையென்றால் ஓரமாக ஒரு காகிதத்தில் தீட்டிக் காட்டுங்கள்.

வகுப்பிலேயே பொருள் விற்கலாமா?

முதலில் மாநாட்டு விதியைப் படியுங்கள். சில இடங்களில் வகுப்பறையில் விற்பனை கூடாது. அனுமதி இருந்தாலும் இடைவேளையிலும் முடிவிலும் மட்டும். பணம் கட்டி வந்து உட்கார்ந்திருப்பவரிடம் பாதியில் பிரஷ் விற்பது எனக்குப் பிடிக்காது, அவர்களுக்கும் பிடிக்காது. "இதே பறவையைக் குளிர்கால உடையில் இன்னொரு பாக்கெட்டாக வைத்திருக்கிறேன், ஸ்டால் எண் இது" என்று ஒரே ஒரு வரி. அதுவே போதும்.

ஸ்டால் எடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. முதல் ஆண்டு வகுப்பு மட்டும் எடுத்துவிட்டு, கூடம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது புத்திசாலித்தனம். கண்காட்சிகளில் வழக்கமான ஸ்டால் 10 அடிக்கு 10 அடி. சில மாநாடுகளில் ஒற்றை மேஜை மட்டும் வாடகைக்குக் கிடைக்கும், நண்பரோடு ஸ்டாலைப் பகிரவும் விடுவார்கள். வாடகையோடு செலவு முடியாது. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. பல கூடங்களில் சரக்கை உள்ளே கொண்டுவருவது கூடத்தின் ஒப்பந்தக்காரர்தான். எடைக்கு ஏற்ற கூலி கேட்பார். கையில் தூக்கி வரக்கூடிய அளவுக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

ஸ்டாலில் எது விற்கும், எது விற்காது?

நீங்கள் தீட்டி முடித்த பொருள் விற்காது. புதிதாக வருபவர்களை அதிகம் திகைக்க வைப்பது இதுதான். கைவினைச் சந்தையில் அது நன்றாக விற்றிருக்கும்; இங்கே வருகிற ஒவ்வொருவரும் பிரஷ் பிடிப்பவர். தட்டைக் கையில் எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், "இதை நானே தீட்டிவிடுவேன்" என்பார். சரி, அப்படியே ஆகட்டும். அவர் தீட்டுவதற்கு வேண்டியதை விற்பதுதான் இங்கே வியாபாரம்: பேட்டர்ன் பாக்கெட், தீட்டாத மரச்சாமான், பாக்கெட்டும் மரமும் சேர்ந்த கிட், பிரஷ், ஸ்டென்சில், சின்னச் சின்னக் கருவிகள்.

வேறெங்கும் கிடைக்காத மரவடிவம் உங்களிடம் இருந்தால் அது முதல் நாளே தீரும். எல்லாக் கடையிலும் கிடைக்கும் பெயிண்டை நீங்கள் சுமந்து வருவது வீண். பெரிய கடைக்காரரின் விலைக்கு உங்களால் இறங்க முடியாது. போணி ஆகவில்லையே என்று முதல் காலையில் கவலைப்பட வேண்டாம். பலர் முதல் நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டாம் நாள்தான் பர்ஸைத் திறப்பார்கள். ஆனால் எண்ணிக்கை குறைந்த பொருளை மட்டும் முதல் நாளே அள்ளிக்கொண்டு போவார்கள், அதுவும் கூடம் திறந்த அரை மணியில்.

ஸ்டாலை எப்படி அமைப்பது?

மாதிரிகள் கண் உயரத்தில் இருக்கட்டும், அதற்கு நேர் கீழே அதே படைப்பின் பாக்கெட்டும் கிட்டும். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு எண், பாக்கெட்டிலும் அதே எண். கூட்டம் சேர்ந்த நேரத்தில் "அந்த நீலப் பறவை, இல்லை இல்லை, அதற்குப் பக்கத்துப் பறவை" என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. மாதிரியை விற்காதீர்கள், எவ்வளவு கேட்டாலும். மாதிரி போனால் அந்த பாக்கெட்டின் விற்பனையும் அன்றோடு நின்றுவிடும். கடைசி நாள் மாலை கொடுத்துக்கொள்ளலாம்.

கூடத்தின் மேல்விளக்கு மஞ்சளடித்து உங்கள் நீலத்தையெல்லாம் சாம்பலாக்கும். 4000 முதல் 5000 கெல்வின் வரையிலான, நிறத்துல்லியம் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி. விளக்கு இரண்டு எடுத்துப்போங்கள். மேஜைத் துணி தரை வரை இருக்க வேண்டும். காலிப் பெட்டிகள் எல்லாம் அதற்குள்தான். ஒரு மூலையில் சின்னதாக ஏதாவது தீட்டிக்கொண்டே இருங்கள். சும்மா நிற்கும் கடைக்காரரைத் தாண்டிப் போகிறவர்கள், தீட்டுபவரைப் பார்த்தால் நிற்பார்கள்.

நான் வகுப்பில் இருக்கும்போது ஸ்டாலை யார் பார்ப்பது?

இதற்கு விடை கிடைக்கும் முன் ஸ்டாலுக்குப் பணம் கட்டாதீர்கள். கூட வருபவருக்குத் தீட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. விலை, சில்லறை, எந்த பாக்கெட்டுக்கு எந்தப் பலகை என்பது தெரிந்தால் போதும். பக்கத்து ஸ்டால்காரரிடம் பத்து நிமிடத்துக்கு ஒப்படைக்கலாம், 4 மணி நேரத்துக்கு முடியாது.

பேட்டர்ன் பாக்கெட்டில் என்ன இருக்க வேண்டும்?

முழு அளவுக் கோட்டுப் படம், பெரிய வண்ணப் படம், பொருள் கிடைக்கும் இடம், நிறப் பட்டியல், பிரஷ் பட்டியல், படிப்படியான விளக்கம். கோட்டுப் படம் காகிதத்தில் அடங்காவிட்டால் எத்தனை சதவீதம் பெரிதாக்க வேண்டும் என்று போடுங்கள். எழுதிய குறிப்பை உங்கள் படைப்பைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள். "இலைகளுக்கு நிழல் கொடுக்கவும்" என்று எழுதியிருப்பீர்கள். எந்தப் பக்கம், எந்த நிறத்தில், எவ்வளவு அகலப் பிரஷ்ஷில் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் அத்தனையும் குறிப்பில் ஏற வேண்டியவை.

தாள் பாக்கெட்டா, டிஜிட்டலா? இரண்டும். ஊர் திரும்பும் பெட்டியில் இடமில்லாதவர்கள் டிஜிட்டல் கேட்பார்கள். ஆனால் மாநாட்டில் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்குவது தாள்தான்.

இன்னொருவர் வடிவமைப்பை நான் சொல்லிக்கொடுக்கலாமா? என் வடிவமைப்பை மற்றவர்கள் நகலெடுத்தால்?

இன்னொருவர் வடிவமைப்பு என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். சில வடிவமைப்பாளர்கள் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாக்கெட் வாங்கினால் போதும் என்பார்கள், சிலர் மாநாட்டில் கூடவே கூடாது என்பார்கள். இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்துத் தீட்டியதும் இதில் அடங்கும். புகைப்படம் எடுத்தவருக்கும் உரிமை உண்டு.

உங்கள் வடிவமைப்புக்கு, பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில், வரைந்த மாத்திரத்தில் பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. ஆனால் அந்த உரிமை உங்கள் படத்துக்குத்தான், உத்திக்கு இல்லை. கமா ஸ்ட்ரோக்கோ (கமா வடிவில் இழுக்கும் ஒற்றைத் தீட்டல்) ஃப்ளோட்டோ யாருக்கும் சொந்தமில்லை. உங்களிடம் கற்ற உத்தியில் ஒருவர் தன் சொந்தப் படத்தைத் தீட்டி அடுத்த ஆண்டு எதிர் ஸ்டாலில் நின்றால் முகம் சுளிக்க வேண்டாம்.

பாக்கெட்டின் முதல் பக்கத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள்: தீட்டி விற்கலாமா, எத்தனை விற்கலாம், சொல்லிக்கொடுக்கலாமா, நகலெடுக்கலாமா. ஸ்டாலில் போனைத் தூக்கிப் படமெடுப்பவர்களிடம் சண்டை போடாமல், "படம் எடுக்கும்முன் கேளுங்கள்" என்று ஒரு அட்டை வைத்தால் போதும். கேட்பவர்களில் பாதிப் பேர் வாங்கவும் செய்வார்கள்.

வரி, விசா, பணம் வாங்குவது?

விற்பனை வரிக்குப் பல இடங்களில் தற்காலிகப் பதிவு தேவைப்படும். அமைப்பாளர்களே படிவம் அனுப்புவார்கள். வேறு நாட்டில் மாநாடு என்றால், சுற்றுலா விசாவில் போய்க் காசு வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பது பெரும்பாலான நாடுகளில் கூடாது. இதை மாநாட்டுக் குழுவிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு கிளம்புங்கள். மாதிரிகளையும் கருவிகளையும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ஏ.டி.ஏ. கார்னெட் என்ற ஆவணம் உதவும், ஆனால் விற்கப்போகும் சரக்குக்கு அது செல்லாது. கார்டு இயந்திரம் கூடத்தின் வைஃபையை நம்பி இருக்கக் கூடாது. கல்லாவில் சில்லறை முதல் நாள் காலையிலேயே இருக்கட்டும்.

விற்காத சரக்கை என்ன செய்வது?

பாக்கெட் கெட்டுப்போகாது, எடுத்துவாருங்கள். கனமான மரச்சாமானைக் கடைசி நாள் மதியம் விலை குறைத்துத் தள்ளுவதா, அனுப்புகூலி கொடுத்துத் திருப்பி எடுத்துவருவதா என்று ஒரு முறை கணக்குப் பாருங்கள். பல நேரங்களில் குறைத்துத் தள்ளுவதே லாபம். சில வாடிக்கையாளர்கள் அந்த நேரத்துக்காகவே காத்திருப்பார்கள் என்பது உண்மைதான். அதனால் ஒவ்வொரு ஆண்டும் குறைக்காதீர்கள்.

மாநாடு முடிந்த பிறகு செய்ய வேண்டியது என்ன?

வகுப்பில் முடிக்காமல் போனவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். மீதிப் படிகளின் புகைப்படங்களை அனுப்புங்கள். ஸ்டாலில் "இது வேறு நிறத்தில் உண்டா", "இதே படம் சின்னத் தட்டுக்கு வருமா" என்று கேட்டவற்றைக் குறித்து வைத்திருந்தால், அடுத்த விண்ணப்பத்துக்கான மாதிரி அந்தப் பட்டியலிலேயே இருக்கும். அப்புறம் பிரஷ்களைக் கழுவுங்கள். நாலு நாள் வகுப்பில் ஃபெரூலுக்குள் (பிரஷ் முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழலுக்குள்) ஏறிக் காய்ந்த அக்ரிலிக், ஒரு வாரம் விட்டால் எந்தச் சோப்புக்கும் மசியாது.